சிவப்புப் புகையும் ஒரு கவுளி வெற்றிலையும்

ஐப்பசி மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. காலை பத்தரை மணி இருக்கும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் விளிம்பில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்பது பேர் நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, தலைச்சும்மாட்டைச் சுருட்டிக் கையில் பிடித்து, ஒரு காலை முன்னே வைத்து, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் நிற்பதுபோல நின்றார்கள்.

கீழே வெடி வெடித்தது. வரிசையாக எல்லாக் குழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளங்காலுக்கு அடியில் தரை ஒருமுறை உதறியது. பறந்த கற்கள் விழுந்து அடங்கியதும் வெள்ளைப் புழுதி எழுந்தது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து இன்னொன்றும் எழுந்தது. செங்கல்லை உரைத்துக் கரைத்ததுபோல, சிவப்பும் பழுப்புமாக ஒரு புகை. அது மேலே போகவில்லை. பள்ளத்திலேயே படுத்துக்கொண்டது.

போர்மேன் அந்தோணி விசிலை வாயில் வைத்தார். ஊதினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் கயிறு தரையில் கிடந்தது. நாற்பது பேரும் அந்தச் சிவப்புக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் சுடலைமுத்து.

வழக்கமாக முதலில் ஓடுகிறவர் அவருடைய மனைவி பேச்சியம்மாள். அன்று தங்கை மகள் சடங்குக்காக வத்திராயிருப்புக்குப் போயிருந்தார். அதனால் ஜோடியின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு கணவர்மேல் விழுந்திருந்தது.

நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க். செட்டியார்பட்டியைத் தாண்டி இருந்தது எங்கள் சுரங்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் ராஜபாளையம், அங்கிருந்து இன்னொரு பஸ். யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிவது என் வேலை. வெடி எத்தனை மணிக்கு, மழை உண்டா, காற்று எந்தப் பக்கம் என்றெல்லாம் தனியாக ஒரு டயரியில் எழுதி வைத்தது என் சொந்தக் கோளாறு. தேதிகளை அடுக்காதீர்கள், வாசகர்கள் பஞ்சாங்கம் படிக்கவில்லை என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். ஆகவே எண்பதுகளின் பிற்பாதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மனம் கேட்கவில்லைதான்.

துண்டு போடுகிற ஊர்

ஏன் ஓடினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

ராஜபாளையம் பஸ் நிலையத்தில் மதுரை வண்டி உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும். துண்டு விழுந்த சீட்டு துண்டுக்காரருக்குச் சொந்தம். மூட்டையோடு ஏறி வருகிறவர் அதைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய்விடுவார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டத்தை மீறிய யாரையும் நான் பார்த்ததில்லை. ஒரு தடவை ஒரு பெரியவர் துண்டு இல்லாமல் தம் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இடம் பிடித்தார். அதையும் மதித்தார்கள். பிறகு அவர்தான் கண்ணாடி எந்த சீட்டில் இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறினார்.

சுரங்கத்திலும் அதே சட்டம். வெடித்துச் சரிந்த கல்லில் ஒரு பக்கம் கைக்கு அடங்கும் துண்டுகளாக விழும். இன்னொரு பக்கம் ஆள் உயரப் பாறையாகக் கிடக்கும். முதல் குவியல் கிடைத்தால் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டே இருக்கலாம். இரண்டாவது கிடைத்தால் மத்தியானம்வரை சம்மட்டி அடிக்க வேண்டும். யார் சும்மாடு முதலில் குவியல்மேல் விழுகிறதோ அவருக்கு அது. அதற்குப் பிறகு தகராறு கிடையாது.

இந்தச் சட்டத்தில் பேச்சியம்மாளை மிஞ்ச ஆள் இல்லை. பத்தடி தூரத்திலிருந்து வீசினாலும் அவருடைய சும்மாடு நினைத்த கல்லின் மேல் போய் உட்காரும். மஞ்சள் பூப்போட்ட பழைய சேலைத் துணி. அதைப் பார்த்துவிட்டால் மற்றப் பெண்கள் நெடுமூச்சு விட்டு அடுத்த குவியலுக்குப் போவார்கள்.

“ஏட்டி, உனக்குக் காலா, சக்கரமா?” என்று அந்தோணி கேட்பார்.

“உம்ம விசிலு வர்றதுக்குள்ள நான் சாத்தூருக்கே போயிட்டு வந்துருவேன் போர்மேனு,” என்பார் பேச்சியம்மாள்.

வடைமேல் விழுந்த பழி

சுடலைமுத்து அன்று நல்ல குவியலைப் பிடித்துவிட்டார். கொஞ்சம் இருமினார். கண்ணில் நீர் வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு சாயங்காலம்வரை வேலை பார்த்தார். ஐந்து மணிக்குச் சுரங்க வாசலில் இருந்த காதர் பாய் கடையில் டீயும் இரண்டு பருப்பு வடையும் சாப்பிட்டார். சிரித்துப் பேசிக்கொண்டே பஸ் ஏறினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் சுரங்கம் முழுக்க ஒரே பேச்சு. காதர் பாயின் வடையில்தான் கோளாறு. எண்ணெய் பழசு என்றார் ஒருவர். பல்லி விழுந்திருக்கும் என்றார் இன்னொருவர். அன்றிலிருந்து யாரும் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. பாய் என் ஜன்னலுக்கு வந்து நின்றார். முகம் வாடிப் போயிருந்தது.

“சார், அந்தத் தட்டுல இருந்த மிச்ச வடைய நானும் எம் புள்ளைகளும்தான் தின்னோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? நீங்களாச்சும் சொல்லுங்க சார்.”

டாக்டரையே கேட்டுவிடுகிறேன் என்றேன்.

சுடலைமுத்துவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னை ஓரமாக அழைத்து, “நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. காலையில ஏதாவது வாயுவைச் சுவாசிச்சாரா?” என்று கேட்டார். சிவப்புப் புகையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் புகை உள்ளே போனால் உடனே ஆளைக் கீழே தள்ளாது, பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்றார். “பிழைச்சுக்கிட்டார். ஆனா இன்னொரு தடவை இதே மாதிரி நடந்தா நான் உறுதி சொல்ல மாட்டேன்.”

வீட்டுக்கு வந்து டயரியை எடுத்தேன். சிவப்புப் புகை என்று எழுதியிருந்த நாட்களைப் பார்த்தேன். எல்லாம் மழையை ஒட்டிய நாட்கள். வெடிக் குழிகளில் ஈரம் இருந்த நாட்கள். பிறகு வருகைப் பதிவேட்டில் அந்தந்த மறுநாட்களைப் பார்த்தேன். சளி, இருமல், நெஞ்சுவலி என்று லீவு எழுதியவர்கள் அங்கேதான் கூட்டமாக இருந்தார்கள். வருடக்கணக்காக என் இரண்டு நோட்டுகளும் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்திருக்கின்றன. நான்தான் ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தன்பாத்தில் சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு வந்த இளைஞர் அவர். கெட்டவர் இல்லை, எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அவர் முகம் மாறியது. “புகை அடங்காமல் இறங்கக் கூடாது என்றுதான் சட்டமே இருக்கிறது. அவர்களுக்குப் புரியும்படி நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்,” என்றார்.

மண்டை ஓடும் மின்கம்பமும்

புரியும்படி சொல்வது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு சுற்றறிக்கை எழுதினேன். ‘நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் சுவாசப் பாதையைத் தாக்கும் தன்மையுடையன’ என்று தொடங்கியது. முன்னுரை, முடிவுரையோடு வாசித்தேன். முதல் வரிசையில் ஒரு அம்மாள் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தகரப் பலகை வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி, நடுவில் மண்டை ஓடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு. சுரங்க விளிம்பில் நட்டோம்.

மறுநாள் பேச்சியம்மாள் அதன் எதிரில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். கணவர் ஆஸ்பத்திரியில் இருக்க, அவர் தனியாக வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

“கிளார்க்கையா, கம்பியே இல்லாத எடத்துல எதுக்குக் கரண்டு போர்டு வச்சிருக்கீய?”

எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்து ஜனங்கள் மண்டை ஓட்டைப் பார்த்த ஒரே இடம் மின்கம்பம். அந்தப் படத்துக்கு அவர்களிடம் ஒரே ஒரு பொருள்தான்: தொட்டால் ஷாக். தொடாவிட்டால் ஒன்றுமில்லை. வெடிக்குழியில் போடுகிற அமோனியம் நைட்ரேட் மூட்டையிலும் ஏதோ எழுதியிருந்தது. அது அவர்கள் கண்ணுக்கு வத்திராயிருப்பு வயலில் எறிகிற உரம். அதில் ஊற்றுகிற டீசலோ லாரிக்கு ஊற்றுவது. உரமும் டீசலும் சேர்ந்தால் புகை வரும். புகை என்றால்?

“சிவகாசிக்குப் பக்கத்துல பொறந்துட்டுப் புகைக்குப் பயப்படுதேன்னு சொன்னா ஊர்ல காறித் துப்புவாக,” என்றார் பேச்சியம்மாள்.

“ஒங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடக்கிறது அந்தப் புகையாலதாம்மா.”

“பத்து மணிக்குக் குடிச்ச புகை வெளக்கு வைக்கிற நேரத்துலயா நெஞ்ச அடைக்கும்? நல்லாச் சொன்னீய. அவரு ஓடிப் பழக்கமில்லாத மனுசன். ஓடுன எளைப்பு, பொறவு அந்தப் பாயோட வடை. அம்புட்டுத்தான்.”

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. பாம்பு கடித்தால் உடனே தெரிகிறது. தீ சுட்டால் உடனே தெரிகிறது. காலையில் கடித்துவிட்டு மாலையில் வலிக்கிற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. நான் மட்டும் பார்த்தேனா? காகிதத்தில்தான் பார்த்தேன்.

இதற்கிடையில் சுடலைமுத்து தேறிக்கொண்டிருந்தார். கார்த்திகை பிறந்ததும் வேலைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மழை இன்னும் முடியவில்லை. ஈரக் குழி, சிவப்புப் புகை, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் நாற்பது பேர். அவர்களில் ஒருவராக அவரும் ஓடுவார். டாக்டர் சொன்ன ‘இன்னொரு தடவை’ என் காதிலேயே இருந்தது.

ஆண்டாள் கைக்கிளி

எங்கள் ஊர் நூலகத்தில் அந்த நாட்களில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சீமையில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் சின்னப் பறவைகளைக் கூண்டோடு கொண்டுபோவார்கள் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. மனிதனுக்கு முன்னால் பறவைக்கு வாயு உறைக்குமாம். பறவை சாய்ந்தால் ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள். பெரிய கண்டுபிடிப்பு கிடைத்த மாதிரி மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் இதைச் சொன்னேன். ஒரு கிளியை வாங்கிக் கூண்டில் கட்டித் தொங்கவிடலாமா?

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்த சிரிப்பில் தூக்குவாளிகள் உருண்டன.

“கிளி செத்து விழுறதுக்குள்ள நாங்க அரை லோடு ஏத்திருவோம்!”

“பாவம்யா அது. வாயில்லாத சீவன்.”

பேச்சியம்மாள் தண்ணீரைக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கிளார்க்கையா ஊருல ஆண்டாள் கையில தெனம் ஒரு கிளி செஞ்சு வைப்பாகல்ல, பச்சை எலைல? அதக் கொண்டாந்து கட்டுங்க. உசுரில்லாத கிளி. பாவமும் இல்ல, சாகவும் சாகாது.”

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு அந்தக் கிளியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பச்சை இலைகளும் நாரும் மாதுளம்பூ மூக்குமாக, நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். ஏன் நாள்தோறும்? பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி வந்தது. இலை வாடிவிடும் என்பதால்தானே. சாகாது என்று பேச்சியம்மாள் சொன்னது சரியில்லை. இலையும் சாகும். மெதுவாகச் சாகும். காலையில் பச்சையாக இருந்துகொண்டே சாகத் தொடங்கும்.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கவலையால் இல்லை, சந்தோஷத்தால்.

நகக்குறி போட்ட வெற்றிலை

எந்த இலை? அவர்கள் நன்றாக அறிந்த இலையாக இருக்க வேண்டும். எங்கள் சுரங்கத்தில் வெற்றிலை போடாத பெண் அபூர்வம். வெற்றிலையைத் தடவிப் பார்த்தே அது இன்றைக்குக் கிள்ளியதா, நேற்றைக்குக் கிள்ளியதா என்று சொல்வார்கள். ராஜபாளையம் மார்க்கெட்டில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கினேன். நூறு இலை இருக்கும். ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன்.

முந்தின நாள் நல்ல மழை. குழிகளில் ஈரம் இருக்கும் என்று அந்தோணி சொல்லியிருந்தார்.

பேச்சியம்மாளிடம் கட்டைக் கொடுத்து, பாதியைப் பிரிக்கச் சொன்னேன். “இந்தப் பாதியை வெடி வைக்கிற எடத்துக்கு ஓரமா, காத்து போற பக்கம் கட்டுவோம். மத்தப் பாதி இங்கயே நெழல்ல இருக்கட்டும்.”

“நீங்க சாயங்காலம் வேற எலைய மாத்தி வச்சுக் காட்டிப்புட்டா?” என்று சந்தேகப்பட்டார் அவர். ஒவ்வொரு இலையின் நுனியிலும் நகத்தால் ஒரு பிறை போட்டுக்கொண்டார். வேறு யாரும் போட முடியாத குறி. அவருடைய கட்டைவிரல் நகம் சம்மட்டி பட்டுப் பாதி பிளந்திருந்தது.

வெடித்தது. நினைத்தபடியே சிவப்பு. எத்தனை கத்தியும் கேட்காமல் எல்லாரும் ஓடினார்கள். அந்தோணிதான் இலைக்கட்டை அவிழ்த்து எடுத்து வந்தார், மூக்கில் ஈரத்துண்டோடு.

இரண்டு கட்டையும் மத்தியானம் எல்லார் முன்னாலும் பிரித்தேன்.

இரண்டும் பச்சை. ஒரு வித்தியாசமும் இல்லை.

“அடப் பாவமே,” என்றார் ஒருவர். “வெத்தலைக்கே ஒண்ணும் ஆகலியே, எங்களுக்கா ஆகப்போவுது?” பேச்சியம்மாள் புகைபட்ட கட்டிலிருந்து ஓர் இலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவப்போனார். பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நான் இரண்டு கட்டுகளையும் டைம் ஆபீஸ் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன், புகைபட்டது வலது பக்கம், மற்றது இடது பக்கம். அதன் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலைப் பார்த்தேன். இரண்டு மணிக்குப் பச்சை. மூன்று மணிக்கும் பச்சை. நாலு மணிக்கு வலது பக்கக் கட்டில் பளபளப்பு கொஞ்சம் செத்திருந்ததோ என்று ஒரு சந்தேகம்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்து ஆட்கள் பெயர் சொல்லிவிட்டுப் போக வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவர் பேச்சியம்மாள். வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

வலது பக்கக் கட்டில் வெந்நீர் தெளித்த மாதிரி திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தது. நடுநரம்பை ஒட்டிப் பழுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் இருந்தது காலையில் கிள்ளியது மாதிரியே இருந்தது.

பேச்சியம்மாள் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு இலையின் நுனியையும் தடவிப் பார்த்தார். பிளந்த நகத்தின் பிறை. பின்னால் இருந்தவர்கள் “என்னட்டி, போ” என்று தள்ளினார்கள். அவர் நகரவில்லை.

“காலைல குடிச்சிருக்கு,” என்றார் மெதுவாக. “மத்தியானம் பச்சையா நின்னுச்சு. நாந்தான் பாத்தேன். சாயங்காலம் கருகுது.”

தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் உள்ள கருகியிருக்கும், இல்லையா?”

“ஆமாம்மா.”

அவர் இலையை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். காதர் பாய் கடைமுன் நின்று, நாற்பது பேருக்கும் கேட்கிற குரலில், “பாய், ரெண்டு வடை குடுங்க,” என்றார்.

பாய் அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை.

கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்த சும்மாடு

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மறுநாள் வெடி வெடித்தது. எல்லாரும் ஓடினார்கள். பேச்சியம்மாளும்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நேத்து அவ்வளவு பார்த்துட்டும் ஏம்மா ஓடுறீங்க?”

“ஐயா, விஷம்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் நின்னா அவ ஓடுவா. அவ நின்னா நான் ஓடுவேன். நல்ல குவியல யாரு விடுவா?” என்றார் பேச்சியம்மாள், பக்கத்தில் நின்றவரைக் காட்டி.

தெரியவைப்பதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். பாதிதான் முடிந்திருந்தது.

வழியையும் அவரேதான் கண்டுபிடித்தார். அது எப்படித் தோன்றியது என்று கேட்டபோது, “ஓடாமலே சும்மாடு போடணும், அம்புட்டுத்தானே?” என்றார். வெடிக்கு முன்னால் எல்லாச் சும்மாடுகளையும் ஒரே கூடையில் போட்டுவிடுவது. அந்தோணி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார். முதலில் வந்த துணிக்காரருக்கு முதல் குவியல், அடுத்ததற்கு அடுத்தது. எழுதவோ படிக்கவோ தேவையில்லை. யாருடைய சேலை எது என்று எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாள் அந்தோணி எடுத்த முதல் சும்மாடு, இதுவரை ஒருநாளும் நல்ல குவியல் கிடைக்காத ஒரு கால் ஊனமான அம்மாளுடையது. பேச்சியம்மாளுடைய மஞ்சள் பூத்துணி கடைசிக்கு முந்தியதாக வந்தது.

“போர்மேனு, துணிக்குள்ள கண்ணத் தொறந்து வச்சிருக்கீரா?” என்று சத்தம் போட்டார் அவர். ஆனால் கூடையை உதைக்கவில்லை. கோபத்தோடு சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு பாறைப்பக்கம் போனார்.

விசில் ஊதியாயிற்று

கார்த்திகை பாதியில் சுடலைமுத்து வேலைக்கு வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டை தோளில் தொங்கியது. அன்றைக்கென்று இரவெல்லாம் பெய்த மழை.

வெடி வெடித்தது. அந்தப் பருவத்திலேயே அவ்வளவு சிவப்பை நான் பார்த்ததில்லை. பள்ளம் முழுக்க நிறைந்து விளிம்புவரை வந்து நின்றது. கயிற்றுக்குப் பின்னால் நாற்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சுடலைமுத்து மனைவிக்குப் பக்கத்தில்.

மேட்டில் ஏழு லாரிகள் என்ஜின் ஓட நின்றன. சிமெண்டு ஆலையிலிருந்து காலையிலிருந்தே போன். மேனேஜர் ஜீப்பிலிருந்து குதித்து வந்தார்.

“அந்தோணி, விசில் கொடுங்கள். லாரிகள் காத்திருக்கின்றன.”

“சார், பொகை…”

“மெலிந்துவிட்டது. கொடுங்கள்.”

அந்தோணி என்னைப் பார்த்தார். விசிலை ஊதினார். நீளமாக, தெளிவாக.

ஒருவரும் எழவில்லை.

எத்தனையோ வருடம் விசிலுக்கு முன்னாலேயே பாய்ந்த கால்கள் அவை. ஒன்றுகூட அசையவில்லை. மேனேஜர் திகைத்துப் போனார். “என்ன இது? வேலைநிறுத்தமா?”

பேச்சியம்மாள் உட்கார்ந்தபடியே சொன்னார்: “இல்ல சார். செத்த நேரம் பொறுங்க. கெளக்க இருந்து காத்து வருது. பள்ளம் வெளுத்ததும் எறங்குதோம்.”

“எவ்வளவு நேரம்?”

“அது பொகைக்குத்தான் தெரியும். ஒங்களுக்கு அவசரம்னா முன்னால போங்க சார். நாங்க தடுக்கல.”

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர் பள்ளத்தைப் பார்த்தார். அந்தச் சிவப்பு என்ன என்பதை அங்கே அவரைவிட நன்றாகப் படித்தவர் யாரும் இல்லை. காது மடல் சிவந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேச்சியம்மாள் மடியிலிருந்து அவித்த கடலையை எடுத்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பங்கு வைத்தார். கடைசியாக ஒரு கையளவை மேனேஜர் பக்கமாக நீட்டினார்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். ஒரு கடலையை உரித்தார். பிறகு மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “என்ஜினை ஆஃப் பண்ணுங்கய்யா எல்லாரும்!”

ஏழு லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அந்தச் சுரங்கத்தில் வேலை நேரத்தில் கௌதாரி கத்துவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அரைமணிக்கு மேல் ஆயிற்று. சிவப்பு கிழிந்து, மேற்கே மலைப்பக்கமாக நகர்ந்தது. அந்தோணி தனியே இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி ஊதினார். நாற்பது பேரும் எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு நடந்தே இறங்கினார்கள்.

அடுத்த வருடம் ஈரக் குழிகளில் மருந்து நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை வந்தது. டீசலை அளந்து கலக்க ஒரு வாளியும் வந்தது. தொண்ணூறுகளில் சிவப்புப் புகையே அபூர்வமாகிவிட்டது. சுற்றுப்பக்கக் குவாரிகளிலிருந்து கூடைச் சும்மாட்டு முறையைப் பார்க்க ஆள் அனுப்பினார்கள். அவர்களுக்கு எல்லாம் விளக்கிச் சொன்னவர் பேச்சியம்மாள். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு முக்கியம் அந்தக் கார்த்திகை நாளின் சாயங்காலம். ஐந்தே கால் பஸ்ஸில் நானும் சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் ஏறினோம். வெளியே வெயில் மஞ்சளாக இருந்தது. அவர்கள் இறங்கவேண்டிய செட்டியார்பட்டி ஸ்டாப்பில் வண்டி நிற்காது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். சுடலைமுத்து எழுந்து நின்றார்.

“எந்த ஊரு நியாயம்யா இது? நேத்து நின்ன வண்டி இன்னைக்கு எப்படி நிக்காமப் போகும்? ஸ்டாப்பு இருக்கு, போர்டு இருக்கு, நாங்க டிக்கெட்டு எடுத்திருக்கோம், நீரு என்ன உம்ம மாமனார் வீட்டு வண்டியா ஓட்டுதீரு…”

நிறுத்தவே இல்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு இளைப்பு இல்லை. கண்டக்டர் பதில் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அடுத்த வாக்கியம் வந்து விழுந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. “அவர உக்காரச் சொல்லுங்கம்மா,” என்றார் முன்சீட்டுப் பெரியவர்.

பேச்சியம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். “பேசட்டும் ஐயா,” என்றார். “நல்லாப் பேசட்டும்.”